பின்பக்கம் பார்த்து நின்றவர்

லிஃப்டில் ஏறியதும் எல்லாரும் கதவைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார்கள். கண்டக்டர் திரும்ப மாட்டார். கதவுக்கு முதுகைக் கொடுத்து, ஆட்களைப் பார்த்து நிற்பார். உதடு லேசாக அசையும். தலை எண்ணுகிறார் என்பது அவர் மகளுக்கு ஏழு வயதிலிருந்தே தெரியும். தெரியாதவர்கள் சட்டைப் பொத்தானைத் தடவிப் பார்த்துக்கொள்வார்கள். பாங்க் வரிசையிலும் அப்படித்தான். பின்னால் நின்றவர் தன்னைத்தான் முறைக்கிறார் என்று நினைத்து வேறு வரிசைக்குப் போனதுண்டு.

இருபத்தேழு வருஷமாக ஒரே பஸ் தடம். முன்னால் பார்க்க டிரைவர் இருக்கிறார், பின்னால் பார்க்கத்தான் தனக்குச் சம்பளம் என்பது அவர் கட்சி. ஓடுகிற வண்டியில் எதையும் பிடிக்காமல் நிற்பார். ஒரு கையில் டிக்கெட் கட்டு, மறு கையில் விசில். இடுப்பு மட்டும் வண்டியோடு தனியாகப் பேசிக்கொண்டிருக்கும். யாராவது சில்லறை கேட்டால், "இறங்கும்போது வாங்கிக்கோங்க." வீட்டிலும் அதே பழக்கம். எதைக் கேட்டாலும், "இறங்கும்போது சொல்றேன்."

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நான் இறங்கவே இல்லை. அதான் எனக்கு ஒரு கேள்விக்கும் பதில் வரல" என்பாள் அவர் மனைவி.

இப்படிப்பட்டவர் போன மழைக்காலத்தில் கீழே விழுந்தார். ஓடுகிற வண்டியில் இல்லை. டிப்போவில், அசையாத சிமெண்டுத் தரையில், கால் தடுக்காமல், யாரும் தள்ளாமல். மறு வாரம் அதே இடத்தில் இன்னொரு தடவை. டிப்போ டாக்டர் ஒற்றைக் காலில் முப்பது விநாடி நிற்கச் சொன்னார். சுவரில் ஒரு கறுப்புப் புள்ளி இருந்தது. அதையே பார்க்க வேண்டும். கண்டக்டர் பார்த்தார். ஒன்பதாவது விநாடியில் டாக்டரின் மேசையைப் பிடித்துக்கொண்டார்.

டாக்டர் கொடுத்த சான்றிதழை மகள்தான் படித்துச் சொன்னாள். அந்தக் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் அவள். அன்றிலிருந்து வீட்டில் அவள் பெயர் டிகிரி. படித்தது விலங்கியல். ஆனால் கரண்ட் பில்லிலிருந்து கண் மருந்து வரை அவளிடம்தான் வரும்.

"சமநிலை ஐயத்துக்குரியதுனு போட்டிருக்குப்பா."

"ஐயம்னா?"

"சந்தேகம்."

"யாருக்கு?"

அதற்கு விலங்கியலில் பதில் இல்லை.

அவரை வண்டியிலிருந்து இறக்கி, டிப்போவின் தொலைந்த பொருட்கள் அறையில் உட்கார வைத்தார்கள். குடைகள், சாப்பாட்டுப் பாத்திரங்கள், ஒற்றைச் செருப்புகள், ஒரு செட் பொய்ப்பல். ஆறு வாரம் கழித்து மறு சோதனை. அதிலும் தவறினால் ஓய்வு பெறும்வரை, இன்னும் நாலு வருஷம், அந்த நாற்காலிதான். முதல் வாரமே நாற்காலியைச் சுவரோரம் தள்ளிவிட்டு நின்றார். எண்ண ஆளில்லாமல் குடைகளை எண்ணினார். வீட்டுக்கு வந்தால் பேச்சில்லை. "இறங்கும்போது சொல்றேன்" என்றுகூடச் சொல்வதில்லை. அதுதான் மனைவிக்குப் பயமாக இருந்தது.

டிகிரி அப்போது ஆற்றங்கரைப் படகுச் சங்கத்தில் முன்பதிவு எழுதும் வேலையில் இருந்தாள். ஐந்தாவது வேலை. முந்தைய நாலையும் ஏன் விட்டாய் என்று கேட்டால் நாலு காரணம் சொல்வாள். நாலும் அவளுக்கே திருப்தியாக இராது. இது தனக்கான வேலைதானா என்று தினமும் காலை பஸ்ஸில் யோசிப்பாள். யோசித்து முடிப்பதற்குள் அவள் நிறுத்தம் வந்துவிடும்.

சங்கத்தில் புதிதாகப் பலகைகள் வந்திருந்தன. ஆள் உயரத்துக்கும் மேலே நீளம். மேலே ஏறி நின்றுகொண்டே நீளத் துடுப்பு போட்டு ஆற்றில் போக வேண்டும். அதற்கான விளம்பர அட்டையை எழுதும் வேலை டிகிரிக்கு வந்தது. 'உடலின் சமநிலையை மீட்டெடுக்கும்' என்று எழுதினாள். உண்மையா என்று அவளுக்குத் தெரியாது. வரி நன்றாக வந்தது, அவ்வளவுதான். அட்டையில் ஒன்று வீட்டுக்கும் வந்து சேர்ந்தது. கண்டக்டர் அதை இரண்டு தடவை படித்தார்.

"இது நிஜமா?"

"அப்படித்தான் எழுதியிருக்கு."

"யார் எழுதினது?"

"நான்தான்."

"அப்ப சரி. படிச்சவ எழுதினது."

சோதனை திங்கட்கிழமை. ஞாயிற்றுக்கிழமை காலை சங்க ஊழியரின் குடும்பத்துக்கு இலவசம். தன் ஒரு வரியை நம்பி அப்பா ஆற்றில் இறங்கப் போகிறார் என்று டிகிரிக்குச் சனிக்கிழமை இரவு தூக்கம் வரவில்லை. கண்டக்டர் நன்றாகத் தூங்கினார்.

பயிற்சியாளர் முப்பது வயதுப் பெண். லைஃப் ஜாக்கெட்டை மாட்டிவிட்டு, பலகையிலிருந்து வரும் கயிற்றை அவர் கணுக்காலில் கட்டினார்.

"இது எதுக்கும்மா?"

"நீங்க விழுந்தா பலகை ஓடிடாம இருக்க சார்."

"நான் ஓடிடாம இருக்க?"

"நீங்க எங்க சார் ஓடப் போறீங்க. இங்க இடுப்பளவுதான் தண்ணி."

"அப்ப நடந்தே போயிடலாமே."

கற்றுக்கொள்ள வந்தவர்களுக்கு ஆறு பலகைகள். நாலு பேர் வெளியாட்கள், ஐந்தாவது டிகிரி, ஆறாவது கண்டக்டர். பயிற்சியாளர் ஏழாவது பலகையில் முன்னால் நின்றார். "குனிஞ்சு தண்ணியப் பாக்காதீங்க. தூரத்துல அந்தப் பாலம் தெரியுதா, அதுல ஒரே ஒரு இடத்தைப் பாத்துக்கிட்டு நில்லுங்க."

கண்டக்டர் பாலத்தைப் பார்த்தார். விழுந்தார். ஏறினார். மறுபடி பாலத்தைப் பார்த்தார். மறுபடி விழுந்தார். மூன்றாவது தடவை விழுந்தபோது தொப்பென்ற சத்தத்தில் பாலத்தின் மேல் சைக்கிளில் போனவர் நின்று பார்த்தார். டிகிரி தானும் இரண்டு தடவை விழுந்திருந்தாள். ஆனால் அவளுக்குத் திங்கட்கிழமை சோதனை இல்லை.

"போதும்பா, கரைக்குப் போயிடலாம்."

"ஒரு நிமிஷம் இரு." அவர் பலகையின் மேல் மண்டியிட்டிருந்தார். மூக்கிலிருந்து தண்ணீர் சொட்டியது. "அந்தப் பாலம் சரியில்ல."

"பாலம் என்னப்பா பண்ணும்?"

"ஒண்ணும் பண்ணல. அதான். நிக்குது பாரு, அப்படியே."

பிறகு பலகையிலேயே உட்கார்ந்தபடி அரை வட்டம் திரும்பினார். பாலத்துக்கு முதுகைக் காட்டி, பின்னால் வந்துகொண்டிருந்த நாலு பேரையும் மகளையும் பார்த்து எழுந்து நின்றார். கால்களைச் சற்றே அகட்டினார். உதடு அசைய ஆரம்பித்தது. விழவில்லை.

"சார், நீங்க திரும்பி நிக்கறீங்க!" என்று முன்னாலிருந்து கத்தினார் பயிற்சியாளர்.

"தெரியும்மா. நீங்க ஓட்டுங்க, நான் இங்க பாத்துக்கறேன்."

இப்படி ஆள் பின்னோக்கியும் பலகை முன்னோக்கியுமாக, ஆற்றின் இழுப்பில் கொஞ்ச தூரம் போனார்கள். துடுப்பை அவர் பெரும்பாலும் பிடித்துக்கொண்டுதான் இருந்தார். மற்ற ஆறு பேரும் பாலத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததால், பின்னால் நடு ஆற்றில் வந்த பெரிய உல்லாசப் படகை அவர்கள் பார்க்கவில்லை. கண்டக்டர் பார்த்தார். அது கிழித்துவிட்ட அலை உருண்டு வருவதையும் பார்த்தார்.

"கம்பியப் பிடிங்க!" என்று இரைந்தார். "எல்லாரும் கம்பியப் பிடிச்சுக்கோங்க!"

ஆற்றில் கம்பி கிடையாது. ஆறு பேரும் அனிச்சையாகத் தலைக்கு மேல் கையைத் தூக்கினார்கள். அப்படியே வரிசையாகத் தண்ணீரில் விழுந்தார்கள். பயிற்சியாளரும் அதில் ஒருவர். கண்டக்டரின் பலகை ஏறியது, இறங்கியது, மூக்கை ஒரு பக்கம் திருப்பியது. அவர் முழங்கால் மடங்கி நிமிர்ந்தது. வேறொன்றும் நடக்கவில்லை. ஒன்று, இரண்டு என்று தலைகளை எண்ணினார்.

"ஒண்ணு குறையுதே. டிகிரி, எங்க இருக்கே?"

"இங்கதாம்பா" என்று பலகைக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"ரைட்" என்றார் கண்டக்டர். ஆறு வாரத்துக்குப் பிறகு அந்த வார்த்தையை அவர் வாயில் கேட்டாள் டிகிரி. வாயிலிருந்த ஆற்றுத் தண்ணீரைத் துப்பிவிட்டுப் பலகையில் தொற்றி ஏறினாள்.

பயிற்சியாளர் தலைமுடியைப் பிழிந்துகொண்டே தண்ணீரில் நடந்து வந்தார். "எட்டு வருஷமா இதுதான் சார் என் வேலை. அந்த அலைக்கு நானே விழுந்துட்டேன். நீங்க எப்படி நின்னீங்க? எனக்குச் சொல்லிக் குடுங்க."

"இறங்கும்போது சொல்றேம்மா."

கரையில் இறங்கினார். செருப்பைத் தேடினார், துண்டைத் தேடினார், பசிக்கிறது என்றார். வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

திங்கட்கிழமை டிகிரியும் கூடப் போனாள். டாக்டர் சுவரில் இருந்த புள்ளியைக் காட்டினார். கண்டக்டர் புள்ளிக்கு முதுகைக் காட்டி நின்றார்.

"அந்தப் பக்கம் பாருங்க."

"அதுல ஒண்ணுதான் சார் இருக்கு. எண்ண முடியாது."

"எதை எண்ணணும்?"

"ஆளை. ஆள் இருந்தா நிப்பேன் சார்."

டாக்டர் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். டிகிரி எட்டி அவருக்கு முன்பே படித்துவிட்டாள். "முப்பது விநாடினுதான் போட்டிருக்கு டாக்டர். எந்தப் பக்கம்னு போடல." படித்தது ஏதோ ஒன்றுக்கு உதவியது என்று அவளுக்கு முதல்முறையாகத் தோன்றியது. உதவியது வெறும் எழுத்துக்கூட்டிப் படிப்பதுதானோ என்றும் அடுத்த கணமே தோன்றியது.

டாக்டர் நர்ஸைக் கூப்பிட்டார். வாசலில் காத்திருந்த மூன்று டிரைவர்களையும் உள்ளே வரச் சொன்னார். டிகிரியோடு ஐந்து பேர் சுவரோரம் நின்றார்கள். கண்டக்டர் ஒரு காலைத் தூக்கினார். உதடு அசைந்தது. முப்பது விநாடி ஆனது. நாற்பதும் ஆனது. "போதும், காலை இறக்குங்க" என்று டாக்டர் சொன்னபோது, "உள்ள இன்னும் இடம் இருக்கு சார்" என்றார்.

அந்த வாரமே தோல்பையும் விசிலும் திரும்பக் கிடைத்தன. டிப்போவில் அப்புறமும் ஒருமுறை விழுந்தார். அதை யாரும் டாக்டரிடம் சொல்லவில்லை.

இது நடந்து எட்டு மாதம் ஆகிறது. டிகிரி இன்னும் அதே வேலையில்தான் இருக்கிறாள். பயிற்சியாளர் விடுவதாயில்லை. நாலு நாளுக்கு ஒரு தடவை அவள் மேசைக்கு வந்து கேட்பார். "உங்கப்பா இறங்கிட்டாரா, இல்லையா? எப்படி நிக்கறதுனு சொல்றேன்னு சொன்னாரே."

ஒருநாள் சாயங்காலம் டிகிரி அப்பாவின் வண்டியிலேயே ஏறினாள்.

"அப்பா, அந்த அக்கா கேட்டுக்கிட்டே இருக்காங்க. எப்படித்தான் நின்னே?"

"எங்க இறங்கணும்?"

"கடைசி ஸ்டாப்."

"அப்ப நேரம் இருக்கு. உள்ள போ, வழியில நிக்காத."

கடைசி நிறுத்தத்தில் கூட்டத்தோடு அவளும் இறக்கிவிடப்பட்டாள். அவள் திரும்புவதற்குள் புதுக் கூட்டம் ஏறிவிட்டது. விசில் ஒலித்தது. வண்டி புறப்பட்டது. பின்பக்கம் பார்த்து நிற்பவர் என்பதால், பின் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்துக்கொண்டேதான் போனார். உதடு அசைந்தது. பதில் சொன்னாரா, அவளையும் சேர்த்து எண்ணினாரா என்று அவளுக்குத் தெரியவில்லை.

மறுநாள் பயிற்சியாளரிடம், "இன்னும் இறங்கலைக்கா" என்றாள்.