மீளப்பெற்ற அனுமதியும் ஏழு படகுகளும்

மதிப்புக்குரிய ஐயா, அம்மணி,

குறிஞ்சிப்பிட்டி இறங்குதுறை அறையின் கணினித் திரையில் அன்று தோன்றிய வாசகம் இன்றும் என் கண்முன் நிற்கின்றது: "எழுதும் அனுமதி மீளப்பெறப்பட்டது." நான் எங்கள் மீனவர் சங்கத்தின் பதிவாளனாக இருந்தேன். கடலுக்குப் போன படகுகளின் பட்டியல் கல்பிட்டி அலுவலகத்துத் தலைமைக் கணினியில் இருந்தது; ஒரு நேரத்தில் ஒருவரே அதில் எழுதலாம்.

கையால் எழுதும் பதிவேட்டில் பழகியவன் நான். பதிவேடு ஒருவர் கையில் இருந்தால், அவர் தரும்வரை மற்றவர் காத்திருப்பர். அப்பழக்கத்தில் விடியற்காலையிலேயே பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு, எழுதியவற்றை நண்பகலில் ஒருமுறை மட்டுமே தலைமைக் கணினிக்கு அனுப்புவேன். அன்று அதற்கு முன்பே காற்று எழும்பி இணைப்பு அறுந்தது. என் கணினியிலிருந்து பதில் வராமையால், தலைமைக் கணினி என் அனுமதியை நீக்கி அலுவலகத்துக்கு வழங்கிற்று. வேறு துறைகளில் கரையேறிய படகுகளை அவர்கள் குறிக்கத் தொடங்கினர். நான் எழுதிய ஏழு படகுகளோ என் திரையில் மட்டுமே இருந்தன.

இணைப்பு மீண்டதும் என் பட்டியலை முழுதாகத் தலைமைக் கணினியில் இருந்ததன்மேல் ஏற்ற முனைந்தேன். அவ்வேளை, என்னை அண்ணன் முறையில் 'நானா' என்று விளிக்கும், அலுவலகக் கணினிப் பொறுப்பாளரான அம்மையார் தொலைபேசியில் அழைத்தார்.

"நானா, ஒண்டையும் அமத்த வாணாம்! உங்கட பழைய பட்டியல ஏத்தினா, நாங்க எழுதினது அழிஞ்சிரும். கரையேறினவன் எல்லாம் கடல்ல நிப்பான்."

"அப்ப மூடிரட்டா, மிஸ்?"

"மூடினா உங்கட ஏழும் போயிரும். வேற கோப்புல பிரதி எடுங்க. பழைய அனுமதிய விட்டுட்டுப் புதுசாக் கேளுங்க. பொறகு எங்கட பட்டியலப் பாத்து, இல்லாதத மட்டும் சேருங்க. இது என்ன உங்கட வாப்பாட வளவா, காலையில இருந்து வேலி அடச்சு வெச்சிருக்க?"

வரி வரியாக ஒப்பிட்டோம். ஏழில் ஆறு படகுகள் கரை சேர்ந்திருந்தன. இருவர் சென்ற ஏழாவது சிறு படகைப் பற்றி அலுவலகத்தில் எவருக்கும் தெரிந்திருக்கவில்லை. இயந்திரம் நின்று அலைக்கழிந்த அவர்களைத் தேடிச் சென்றவர்கள் மாலை அஸர் தொழுகைக்கு முன் படகோடு கட்டியிழுத்து வந்தனர்.

இன்று இவ்வொப்பீட்டை மென்பொருளே செய்துவிடுகின்றது. அன்றைய அறிக்கையில் அம்மையார் "இணைப்புத் தடை" என்று மட்டுமே எழுதினார். நான் பட்டியலைப் பிடித்து வைத்திருந்ததை அவர் எழுதவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. மீண்டு வந்த இருவரில் ஒருவர் ஒவ்வொரு பெருநாளும் என் வீடு தேடி வந்து நன்றி சொல்கின்றார். அந்த நன்றி எனக்குரியதன்று. ஆகவே இக்குறிப்பை அவ்வறிக்கையுடன் சேர்த்துச் சங்கத்தின் ஆவணக் கோவையில் வைத்திருக்குமாறு வேண்டுகின்றேன்.