எதிர் இலை

சங்கரன்கோவிலுக்குப் போனால் பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் பிரியாணிக் கடையில்தான் நானும் கணவரும் சாப்பிடுவோம். அவர் இறந்த பிறகு, போன மாதம் தனியாகப் போனேன். கடைக்கார பாய் வழக்கம்போல எதிரெதிராக இரண்டு இலை போட்டார்.

“அண்ணாச்சி கை கழுவுதாவளா?”

“ஆமா” என்றேன். ஏன் அப்படிச் சொன்னேனோ!

இரண்டு இலையிலும் பிரியாணி வைத்தார். எதிர் இலையில் ஆவி அடங்கிப்போனது. நான் சோற்றைத் தொடவே இல்லை. திரும்பி வந்த பாய் என் முகத்தைப் பார்த்தார்.

“எப்பக்கா?”

“மாசியில.”

இலையை எடுத்துவிடுவார் என்று நினைத்தேன். அவரோ எதிரில் உட்கார்ந்தார். “போட்ட இலைய சும்மா மடக்கக் கூடாதுக்கா. நீங்களும் சாப்பிடுங்க” என்று அந்தச் சோற்றில் கை வைத்தார். நானும் சாப்பிட்டேன்.

அதன்பின் அந்தக் கடைக்கு நான் போகவில்லை. இனிமேல் போனால் பாய் ஒரு இலைதான் போடுவார்.