துணிக் கத்தரியும் செப்புக் கம்பியும்

என் தங்கையின் கணவர் தையற்காரர். அவர் கத்தரி பட்ட துணி அளவு பிசகியதாக எவரும் சொன்னதில்லை. கடையை மூடிய பின் அவர் வேறோர் ஆள். சொந்தக் கருவி வைத்து உலகெங்கும் உள்ளவர்களோடு பொழுதுபோக்காகப் பேசும், உரிமம் பெற்ற அமெச்சூர் வானொலியாளர். கடல் கடந்து வாழும் அவருடைய அண்ணனுக்கும் அதே பித்து உண்டு. "உன் சத்தம் உன் வீட்டு வேலியத் தாண்டலடா!" என்று அண்ணன் தொலைபேசியில் சீண்டியதும் தம்பிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பின்புறப் புல்தரையின் நடுவே ஆன்டெனாவாக நெட்டுக்குத்தாக ஓர் அலுமினியக் கம்பம் முளைத்தது; அதன் அடியிலிருந்து புல்லில் கம்பிகளும் பரப்பப்போவதாகச் சொன்னார்.

அந்தப் புல்தரையோ என் தங்கையின் உயிர். பெண்களுக்கான சிகை அலங்காரக் கடை நடத்தும் அவள், புல்லையும் தானே எந்திரம் தள்ளி வெட்டுவாள்.

"ஞாயித்துக்கிழமை வெட்டுவேன். மெஷின்ல ஒரு வயர் சிக்கினாலும் கம்பத்தப் பிடுங்கிடணும். அண்ணா, நீங்கதான் சாட்சி" என்றாள் என்னிடம்.

இத்தகைய ஆன்டெனாவுக்குக் கம்பம் பாதிதான். மறுபாதி தரையில் இருக்க வேண்டும். அடியிலிருந்து நாற்புறமும் ஏராளமான செப்புக் கம்பிகள் விரியாவிட்டால், அனுப்பும் சக்தி மண்ணைச் சூடாக்குவதோடு சரி. இதை அறிந்தும் தையற்காரர் நான்கே நீளக் கம்பிகளைப் பரப்பினார். மாலையில் ஊர் உலகமெல்லாம் அவருக்குக் கேட்டது. அவர் கூப்பிட்டதற்கு ஒருவரும் பதில் கொடுக்கவில்லை.

"மண்புழுவுக்கு மட்டும் கேக்குது போல, மச்சான்" என்றார்.

"மாப்பிள்ளை, நாலு நீளக் கம்பிக்குப் பதிலா நிறையக் குட்டைக் கம்பி போடலாம்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றேன்.

"முழுச் சுருளை எப்படி மச்சான் துண்டு போடறது? மனசு வரலையே."

தங்கை சிரித்தாள். "அடுத்தவங்க துணின்னா சரக்குனு வெட்டுவாரு. சொந்த வயர்னா கை நடுங்குது!" என்றபடி அவருடைய கத்தரியை எடுத்துவந்து கம்பியில் வைத்தாள்.

"ஐயையோ, அது துணிக் கத்தரிடி!" அலறிக்கொண்டு ஓடிய தையற்காரர், கம்பி வெட்டும் குறடு ஒன்றை எடுத்துத் தாமே வெட்டத் தொடங்கினார். காரியம் முடிந்த திருப்தியில் அவள் கத்தரியைப் புல்லில் வீசிவிட்டுப் போனாள். அதை அப்போது எவரும் பொருட்படுத்தவில்லை.

அதன்பின் அவர் வேலையைப் பார்க்க வேண்டுமே! சூரியக் கதிர்போல் கம்பிகளைப் பரப்பி, மனைவியின் கடையிலிருந்து கொண்டை ஊசிகளை அள்ளிவந்து, ஒரு கோட்டுச் சட்டைக்கு நூலோட்டுவதுபோல அடிக்கொன்றாகக் குத்தி, மண்ணோடு மண்ணாக இறக்கிவிட்டார்.

மறுநாள் ஞாயிறு. எந்திரம் கம்பத்தைச் சுற்றி முதற்சுற்றை முடித்தது. ஒரு கம்பியும் அசையவில்லை. தையற்காரர் மூச்சு விட்டார். இரண்டாம் சுற்றில் 'கடக்' என்றொரு சத்தம், எந்திரம் நின்றது. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

சாட்சி என்ற முறையில் நான் குனிந்து பார்த்தேன். வாய் மடங்கிய துணிக் கத்தரி கிடந்தது.

"இத யாரு இங்க போட்டது?" என்றாள் தங்கை, வேகமாக.

"நீதான்" என்றார் தையற்காரர், மிக மெதுவாக.

அவள் என்னைப் பார்த்தாள். நான் வானத்தைப் பார்த்தேன்.

"சரி, சரி. வயர் சிக்கல. கம்பம் இருந்துட்டுப் போகட்டும்."

அன்று மாலையே வானொலியில் அவருடைய அண்ணனின் குரல் வந்தது. "டேய், கேக்குதுடா! பக்கத்துல நின்னு பேசற மாதிரி இருக்கு. அது என்னடா பின்னால கரகரன்னு?"

ஜன்னலுக்கு வெளியே என் தங்கை எந்திரத்தின் தகட்டை அரத்தால் ராவிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணுமில்லண்ணா. என் பொண்டாட்டி கத்தி தீட்டறா."

அண்ணன் குரலைத் தாழ்த்தினார்.

"அப்ப பேச்சச் சீக்கிரம் முடிச்சுக்கடா, தம்பி."