கடவுளுக்கு ஒரு பீரியட்

போன மாதம் என்னை ஒரு போட்டிக்கு நடுவராகக் கூப்பிட்டார்கள். கோலப் போட்டிக்கு நடுவராக இருந்திருக்கிறேன். மாறுவேடப் போட்டிக்கு இருந்து, பரிசு கிடைக்காத பாரதமாதா ஒருத்தியின் அம்மாவிடம் திட்டும் வாங்கியிருக்கிறேன். இது வேறு மாதிரி. கடவுளை யார் நன்றாகச் சந்தித்திருக்கிறார்கள் என்று கேட்டு, மார்க் போட வேண்டுமாம்!

சிரிக்காதீர்கள். அழைப்பிதழில் அப்படித்தான் இருந்தது — ‘என் இறை அனுபவம்: சாட்சிப் போட்டி.’

கேரளத்து இடுக்கி மலையில், சக்குபள்ளம் பக்கம், ஏலக்காடுகளுக்கு நடுவே இருக்கிற ஒரு கத்தோலிக்கப் பள்ளி. எந்தப் பள்ளி என்று கேட்டு போன் போடாதீர்கள். நான் இதே ஊரில் இன்னும் குடியிருந்தாக வேண்டும். மேலிடத்திலிருந்து யாரோ வந்து ஒரு கூட்டம் போட்டுப் பேசிவிட்டுப் போனதிலிருந்து ஆரம்பித்தது இது. பிள்ளைகள் மறைக்கல்விக் கேள்வி பதிலை ஒப்பிக்கிறார்கள்... ஆனால் விசுவாசத்தைத் தாங்களாக அனுபவிக்கிறார்களா? நியாயமான கேள்விதான். கேள்வி கேட்டவர் ஊருக்குப் போய்விட்டார். பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு எச்.எம். சிஸ்டர் தலையில் விழுந்தது.

சிஸ்டர் கோட்டயம் பக்கத்துக்காரர், தமிழில் மலையாளம் எட்டிப் பார்க்கும். தங்கமான மனுஷி. எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாது — அதுதான் பிரச்னையே. “சேச்சி, குழந்தைங்க மனப்பாடம் மட்டும் பண்ணுது. அது போதாது கேட்டோ. கடவுளை அவங்க சொந்தமா சந்திக்கணும்” என்று என் வீட்டுக்கே வந்து சொன்னார். சரி, எப்போது சந்திப்பது? அதற்கும் டைம்டேபிளில் இடம் பார்த்துவிட்டார். வெள்ளிக்கிழமை கடைசி பீரியட்.

அது அதுவரை விளையாட்டு பீரியட்!

ஆக, அந்தப் பள்ளியின் பையன்களுக்குக் கடவுளோடு கிடைத்த முதல் நேரடி அனுபவம் — அவர் வந்து ஃபுட்பாலைப் பிடுங்கிக்கொண்டதுதான். சிற்றாலயத்தில் கண்ணை மூடி மௌனமாக உட்கார வேண்டும். கண்ணைத் திறப்பவர் பெயரை வகுப்புத் தலைவன் எழுதிக் கொடுப்பான். கண்ணைத் திறக்காமல் அவன் எப்படி எழுதினான் என்று யாரும் கேட்கவில்லை.

நான் ஏன் ஒப்புக்கொண்டேன்? ஞாயிறு பூசைக்குப் பிந்தி வந்து முந்திக் கிளம்புகிற ரகம் நான். சிஸ்டருக்கு அது தெரியும். இருந்தாலும், பத்திரிகையில் எழுதுகிற ஆளை மேடையில் உட்கார வைத்தால் விழா களைகட்டும் என்று நினைத்திருக்கிறார். எனக்கும் ஒரு சால்வை கிடைக்குமே என்ற எண்ணம்... மனுஷ ஜென்மம்தானே!

இன்னொரு நடுவர் எங்கள் பங்குத்தந்தை. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், அதிகம் பேசாதவர். விஷயத்துக்கு, உச்சரிப்புக்கு, உணர்ச்சிக்கு என்று தனித்தனியாக மார்க் போடச் சொல்லித் தாளைக் கொடுத்தார்கள். பாதர் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்னால் ஏதாவது விளக்கம் இருக்கும் என்று தேடினாரோ என்னவோ.

முதல் பையன் வந்தான். ஒருநாள் ஜீப்பில் போனானாம். வளைவில் பிரேக் பிடிக்கவில்லையாம். “இயேசுவே!” என்று கூப்பிட்டானாம். பள்ளத்தின் ஓரத்தில் ஜீப் நின்றதாம். எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. அள்ளிக் கொடுத்தேன் மார்க்கை.

இரண்டாவதாக ஒரு பெண். அவளும் ஜீப்பில் போனாள். அவளுக்கும் பிரேக் பிடிக்கவில்லை. மலைப்பாதை, நடக்கக்கூடியதுதான் என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாவது பையனின் ஜீப்பும் அதே வளைவில் நின்றபோது, கம்பத்திலிருந்து தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றி வருகிற ஜீப்புகளை எல்லாம் உடனே ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு அனுப்ப வேண்டும் என்று தோன்றியது. நான்காவது வந்த பொடியன் கடகடவென்று ஒப்பித்துக்கொண்டே வந்து, ஜீப் பள்ளத்தின் ஓரத்தில் நின்றதும், அதே வேகத்தில் சொன்னான் — “இந்த இடத்தில் குரல் தழுதழுக்க வேண்டும்.”

அரங்கம் சிரித்தது. பாதர் குனிந்து செருப்பைச் சரிசெய்தார், வெகுநேரம்.

மறைக்கல்வி எடுக்கிற ஜெயராணி டீச்சர் என் பின்னால்தான் நின்றிருந்தார். மெதுவாகத் திரும்பிப் பார்த்தேன். அவர் முகம் வெளிறிப்போயிருந்தது.

“என்னக்கா பண்றது... சொந்தமா சொல்லுங்கன்னா ஒண்ணும் வாயத் தொறக்க மாட்டேங்குதுவ. அதான், நானே ஒரு சொந்த அனுபவம் எழுதிக் குடுத்துட்டேன்” என்றார்.

எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. நம் ஊரில் எதைத்தான் எழுதிக் கொடுக்காமல் விட்டோம்? என் சிறந்த நண்பன், நான் பிரதமரானால் — எல்லாவற்றையும் டீச்சர் எழுதிப்போட, நாம் மனப்பாடம் செய்து வளர்ந்தவர்கள்தானே. கடவுள் மட்டும் எப்படித் தப்புவார்?

கடைசியாக ஜெனிட்டா வந்தாள். ஒன்பதாம் வகுப்பு. இவளை எனக்குத் தெரியும். என் தோட்டத்துக்கு மேலே, எஸ்டேட் தொழிலாளர்கள் குடியிருக்கிற லயத்துப் பெண். போன வருடம் மழைக்கு முன்னால் நிழல் மரங்களைக் கவாத்து செய்யும்போது, கிளை முறிந்து இவள் அப்பா அந்தோணிமேல் விழுந்தது. தேனி ஆஸ்பத்திரியில் சில நாள் கிடந்தார். பள்ளியே முட்டி போட்டு ஜெபமாலை சொன்னது. பிழைக்கவில்லை.

ஜெனிட்டா கையில் தாள் இல்லை. ஜீப்பும் வரவில்லை.

“எங்கப்பா பொழைக்கணும்னு நீங்க எல்லாரும் ஜெபம் பண்ணீங்க. நானும் பண்ணேன். அப்பா செத்துட்டாரு. அதுலருந்து எனக்கு ஏசப்பா மேல கோவம். டெய்லி ஸ்கூல் விட்டதும் சாப்பலுக்குப் போயி அவர்கிட்டச் சண்டை போடுவேன். ஏன் இப்படிப் பண்ணேன்னு கேப்பேன். அவரு பதில் சொல்லல. நாளைக்கும் போயிக் கேப்பேன். அவ்வளவுதான்.”

கைதட்டலாமா கூடாதா என்று யாருக்கும் தெரியவில்லை. அவளும் எதிர்பார்க்காமல் இறங்கிப் போய்விட்டாள். மார்க் போடுகிற தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்துவிட்டேன். பரிசு? டீச்சர்களே முடிவு செய்து இரண்டாவது ஜீப்புக்குக் கொடுத்தார்கள். உச்சரிப்பு சுத்தமாம்.

இதோடு முடிந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். அடுத்த ஞாயிறு மறைமாவட்ட ஆயர் வருவதாக இருந்தது, வளர்ந்த பிள்ளைகளை எண்ணெய் பூசி விசுவாசத்தில் உறுதிப்படுத்துகிற உறுதிப்பூசுதல் கொடுக்க. ஜெனிட்டாவும் அதில் ஒருத்தி. கடவுளோடு சண்டை போடுகிற பெண்ணை எப்படி ஆயர் முன்னால் நிறுத்துவது? அவள் இன்னும் தயாராகவில்லை, அடுத்த முறை பார்க்கலாம் — இது சிஸ்டரின் முடிவு. எங்கள் பங்கில் அடுத்த முறை என்பது சில வருடம் கழித்து. அதற்குள், இவள் பெயரை ஏன் எடுத்தார்கள் என்று லயத்தில் ஆளாளுக்கு ஒரு காரணம் கண்டுபிடித்து, அந்தப் பெண் தலையில் கட்டிவிடுவார்கள். ஜெனிட்டா என் வீட்டு வாசல் கேட் பக்கத்தில் நின்று ஒன்றே ஒன்று கேட்டாள். “ஆன்ட்டி, எம்பேர எடுத்துருவாங்களா?” மேடையில் அத்தனை பேர் முன்னால் நடுங்காத குரல், அப்போது நடுங்கியது.

திங்கட்கிழமை சிஸ்டர் என்னையும் கூப்பிட்டுவிட்டார். ஜெனிட்டாவின் அம்மா வருகிறாள், பக்குவமாக எடுத்துச் சொல்ல ஒரு பெண் பக்கத்தில் இருந்தால் நல்லது என்றார். பாதரும் வந்திருந்தார்.

சலேத்மேரி ஏலக்காய் பறிக்கிற இடத்திலிருந்து நேராக வந்தாள். அந்த வட்டாரத்தில் சலேத்மேரி என்றால் ஒரு மரியாதை. புருஷனை அடக்கம் செய்த அடுத்த ஞாயிறே பூசைக்கு வந்து முதல் பெஞ்சில் உட்கார்ந்தவள். பள்ளி அசெம்ப்ளியில் சிஸ்டரே அவளைப் பற்றிப் பேசியிருக்கிறார் — விசுவாசம் என்றால் அந்த அம்மாவுடையது, ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை பாருங்கள், என்று.

சிஸ்டர் நயமாகத்தான் ஆரம்பித்தார். இப்படிப்பட்ட அம்மாவுக்கு இப்படி ஒரு மகளா என்று எல்லாரும் வருத்தப்படுகிறார்கள். மகள் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுவிட்டால் போதும், பெயரை எடுக்க வேண்டியதில்லை. அம்மா சொன்னால் அவள் கேட்பாள்.

சலேத்மேரி தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

“அவளாவது சண்டை போடுதா சிஸ்டர். நான் ஏசப்பாகூடப் பேசியே ஒரு வருஷம் ஆச்சு.”

அவளே சொன்னாள். பூசைக்கு வருவது பிள்ளைக்காகவாம். முதல் பெஞ்சில் உட்கார்வது, அங்கேதான் முகத்தை யாரும் பார்க்க முடியாது என்பதற்காகவாம். ஊர் அதை விசுவாசம் என்று சொன்னபோது மறுத்துப் பேசத் தெம்பில்லை, விட்டுவிட்டாள்.

எத்தனை ஞாயிறு அவளுக்குப் பின்னால், கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, எப்போது கிளம்பலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன் நான்! பக்கத்தில் போய் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையே. மாதிரி விசுவாசி என்று ஒருத்திக்குப் பட்டம் கட்டிவிட்டால், அப்புறம் அவளை விசாரிக்க வேண்டியதில்லை. ஊருக்கு எவ்வளவு வசதி பாருங்கள்!

பாதர்தான் முதலில் பேசினார். “ஆள் இல்லாத வீட்டு வாசல்ல நின்னு யாரும் சண்டை போட மாட்டாங்க சிஸ்டர். அந்தப் பிள்ளை தினமும் போயிச் சண்டை போடுதுன்னா, உள்ள ஆள் இருக்குன்னு நம்புது. நம்மகிட்ட இருக்கிற பிள்ளைங்கள்ல அவ ஒருத்திதான் தயாரா இருக்கா.”

சிஸ்டர் எழுந்து வந்து, சலேத்மேரிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். “நானும் உங்களைக் கேட்டதே இல்லை” என்றார். அவ்வளவுதான். எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாதவர் என்றேனே — அழுகையையும்தான். கடைசியில் சலேத்மேரிதான் அவரைத் தேற்ற வேண்டியதாயிற்று.

ஜெனிட்டா வெள்ளை உடையில், பிள்ளைகள் வரிசையில் நின்று உறுதிப்பூசுதல் வாங்கினாள். ஆயர் நெற்றியில் எண்ணெய் பூசியபோது அவள் பீடத்தை முறைத்த மாதிரிதான் எனக்குத் தெரிந்தது. அது அவளுக்கும் ஏசப்பாவுக்கும் இடையில் உள்ள விவகாரம். நாம் தலையிடக்கூடாது.

பூசை முடிந்து எல்லாரும் வெளியே போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதிசயமாக நான் முந்திக் கிளம்பாத ஞாயிறு அது. மறந்து வைத்த குடையை எடுக்க உள்ளே போனேன். காலியான கோவிலில் சலேத்மேரி மட்டும் நின்றிருந்தாள். பெஞ்சில் இல்லை, பீடத்துக்கு நேர் முன்னால். கண்ணிலிருந்து தாரைதாரையாக வழிகிறது, துடைக்கவில்லை. உதடு அசைகிறது. நடுவில் ஒருமுறை கையை நீட்டி எதையோ கேட்டாள். நிச்சயமாக அது மன்றாட்டு இல்லை.

கதவைப் பூட்டச் சாவியோடு வந்தார் கோவில்பிள்ளை. அவரை வாசலிலேயே நிறுத்திவிட்டேன்.

“கொஞ்சம் பொறுங்க. உள்ள ஒரு வருஷத்துச் சண்டை நடக்குது.”