ஜன்னல் கம்பியில் காய்ந்த துணி

வீரலட்சுமி பிள்ளைகளைக் கைநீட்டி அடித்ததே இல்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

போடியில் விடியுமுன்னே ஜீப்பேறி ஏலத்தோட்ட வேலைக்குப் போகிற பெண்கள், தங்கள் சின்னஞ்சிறுசுகளை அவள் வேலை பார்த்த காப்பகத்தில்தான் விட்டுப் போவார்கள். ரோட்டை ஒட்டிய இரண்டு அறை வீடு. "மத்த எடத்துல ஒண்ணுக்குப் போயிட்டா தொடையில கிள்ளுவாக. வீரலச்சுமி ஒரு சொல்லு சொல்ல மாட்டா" என்று ஜீப்புக்குள் பேச்சு நடக்கும். உண்மைதான். பிள்ளை நனைத்துவிட்டால் முகம் சுளிக்காமல் கழுவிவிட்டு வேறு துணி மாட்டுவாள். நனைந்ததை அப்போதே அலசிப் போடுவாள். சாயங்காலம் அதை மடித்துத் தாயின் கையில் கொடுத்தால்தான் அவளுக்குச் சோலி முடிந்தது போலிருக்கும்.

அதற்கு முன்பு அவள் ஏலக்காய்க் கடையில் காய் பிரித்தவள். ஒருவர் சரக்கு இன்னொருவர் சரக்கோடு கலந்துவிடாமல் அங்கே மூட்டைக்கு மூட்டை அடையாளம் போடுவார்கள். அந்தப் பழக்கத்தில் பிள்ளைகளின் ஜட்டியிலும் ஆளுக்கொரு நிறத்தில் நூல் தைத்து வைத்தாள். செல்லக்கிளியின் மகன் நிலவனுக்கு மஞ்சள். வீட்டின் பின்புறம் வெயில் படாது. அதனால் எல்லாவற்றையும் ரோட்டுப் பக்கத்து ஜன்னல் கம்பியில் காயப்போட்டாள்.

தோட்டத்து ஜீப்பு வந்து நிற்பதும் அந்த ஜன்னலுக்கு நேரேதான்.

"ஏ செல்லக்கிளி, ஒம்மகன் இன்னைக்கும் கொடி ஏத்திட்டான்டி! முட்டாய் எங்கடி?"

ஜீப்பே சிரிக்கும். செல்லக்கிளியும் சிரிப்பாள். நாளெல்லாம் குனிந்து காய் எடுத்துவிட்டு வருகிறவர்களுக்கு அது ஒரு சின்னச் சந்தோஷம். வீரலட்சுமியும் வாசலில் நின்று, "நாளைக்குப் பெரிய கொடியா ஏத்துவான், பாருங்கத்தா" என்பாள். நிலவன் அவள் சேலைக்குப் பின்னால் நிற்பான். மூன்று வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

பிறகு ஒருநாள் மஞ்சள் நூல் கம்பியில் இல்லை. மறுநாளும் இல்லை. அந்த வாரம் முழுக்க நிலவன் நனைக்கவே இல்லை.

"எங்க அப்பு சமத்தாயிட்டான். இவனப் பாத்துப் படிங்கடா" என்று அவனைத் தூக்கி மற்ற பிள்ளைகளுக்குக் காட்டினாள். அவன் சிரிக்கவில்லை. அவன் தண்ணீர்த் தம்ளர் ஊற்றியது ஊற்றியபடியே இருந்தது. சாயங்காலம் அதை எடுத்து வாசலில் கொட்டியவளும் அவள்தான். வெயில் குறைந்த மாதம், தாகம் இருக்காது என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் நிலவன் வரவில்லை. காய்ச்சல் என்றார்கள். ஒருநாள் மதியம் செல்லக்கிளி மட்டும் வந்தாள், தலைகூடச் சீவாமல்.

"யக்கா, அவென் இங்க தண்ணி குடிச்சானா?"

"ஏன்த்தா?"

"ஒண்ணுக்குப் போக முடியாமத் துடிச்சுட்டான். தண்ணியே குடிக்காம அடக்கி வச்சிருக்கான்னு டாக்டரு சொல்றாரு. ஏன்டா குடிக்கலன்னு கேட்டா, 'குடிச்சா கொடி ஏறிரும்மா, எல்லாரும் சிரிப்பாக'ங்கிறான்."

வீரலட்சுமியின் கண் ஜன்னல் கம்பிக்குப் போனது.

"ஒங்கள ஒண்ணும் சொல்லலக்கா. நானும் சேந்துதான சிரிச்சேன்" என்றாள் செல்லக்கிளி. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது வீரலட்சுமிக்கு.

அன்றே ஜன்னல் கம்பியை வெறுமையாக்கினாள். நனைந்த துணியை அலசிப் பிழிந்து பைக்குள் போட்டு, பையை மூடி அனுப்பினாள். யாராவது நனைத்தால் எல்லார் முன்னாலும் எதுவும் கேட்காமல், "வாடா தங்கம், உள்ள ஒரு சோலி இருக்கு" என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். ஜீப்பில் ஒருத்தி, "இன்னைக்கு யாரு கொடியக்கா?" என்று கேட்டபோது, "அந்தப் பேச்சு இனி வேணாம்த்தா" என்றாள்.

காய்ச்சல் விட்டு நிலவன் வந்த முதல் நாளே நனைத்துவிட்டான். டாக்டர் நிறையக் குடிக்கச் சொல்லியிருந்தார்; செல்லக்கிளி காலையிலேயே குடிக்கவைத்து அனுப்பியிருந்தாள். சுவரோடு ஒட்டி நின்றான். காலடியில் ஈரம்.

வீரலட்சுமி மற்ற பிள்ளைகளை அடுத்த அறைக்கு அனுப்பிவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அப்பு, யாருக்கும் தெரியாது. துணி மாத்திக்குவமா?"

அவன் ஜட்டியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"நான் எங்கயும் காயப்போட மாட்டேன்டா சாமி."

"அம்மா" என்றான்.

பிடுங்கி மாற்ற அவளுக்கு ஒரு நொடி போதும். எத்தனை பிள்ளைக்கு மாற்றிய கை! ஆனால் அவன் பிடித்திருந்த பிடியைப் பார்த்த பிறகு அவளுக்குத் தொட மனம் வரவில்லை. தரையைத் துடைத்தாள். காய்ந்த துண்டை அவனுக்கு எட்டும் தூரத்தில் வைத்தாள். அவன் அதைத் தொடவில்லை. இடையிடையே, "மாத்துவமா அப்பு?" என்று மட்டும் கேட்டாள். ஜீப்பு வரும்வரை அவன் ஈரத்தோடு நின்றும் உட்கார்ந்தும் இருந்தான். அவளும் அங்கேயே இருந்தாள்.

செல்லக்கிளி வந்து, கதவைச் சாத்திக்கொண்டு மாற்றிவிட்டாள். வெளியே வரும்போது நிலவன் தாயின் தோளில் முகம் புதைத்திருந்தான்.

"நாளைக்குக் கொண்டா செல்லக்கிளி. நான் பாத்துக்கிறேன்."

"வேண்டாம்க்கா. கங்காணிகிட்டக் கேட்டுட்டேன். தோட்டத்துக்கே கூட்டிட்டுப் போறேன். கொஞ்ச நாளைக்கு எங்கூடவே கெடக்கட்டும்."

மலையில் குளிரும், அட்டை கடிக்கும், பிள்ளைக்கு ஆகாது என்று சொல்ல வீரலட்சுமிக்கு நாக்கு நுனிவரை வந்தது. சொல்கிற தகுதி தனக்கு இல்லை என்று பட்டது. "ஸ்வெட்டர் போட்டுக் கூட்டிட்டுப் போத்தா" என்றாள்.