ஞானாம்பாள் தறியோடு போன நாள்

ஞானாம்பாளின் புருஷன் கந்தவேல் காய்ச்சலில் செத்துப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு, அவனுடைய அண்ணன் செங்கோட்டையன் அவளை அடித்தான். பந்தியில் இலைகூட எடுக்கவில்லை. தறியில் உட்காரப் போனாள், அதுதான் குற்றம். "தம்பி போனா தறி எனக்கு. நீ மூலைல உக்காந்து நூல் சுத்து" என்று கன்னத்தில் விட்டான். அன்றைக்கு இடது காதில் ஆரம்பித்த இரைச்சல் சாகும்வரை அவளுக்கு நிற்கவில்லை.

அந்தத் தறி அவன் தம்பி வாங்கியதல்ல. ஞானாம்பாளின் அப்பன் சாமளாபுரத்தில் வாகை மரம் அறுத்துச் செய்து, கல்யாணச் சீரோடு மாட்டு வண்டியில் புருஷன் ஊரான கொமரலிங்கத்துக்கு அனுப்பியது. ஊரே பார்த்தது. பார்த்த ஊர் வாயைத் திறக்கவில்லை. எட்டு மாசம் அடி வாங்கிக்கொண்டேதான் நெய்தாள். ஒரு நாள் கதவுக் கட்டையால் முதுகில் அடித்தான். இன்னொரு நாள் நெய்துகொண்டிருந்தவளைத் தலைமயிரைப் பிடித்து, காலை இறக்கி உட்காருகிற தறிக்குழியிலிருந்து வெளியே இழுத்தான். கொஞ்சம் பொறுத்துப் போயிருக்கலாமே என்கிறவர்கள் இன்றைக்கும் உண்டு. சொல்லிக்கொள்ளட்டும். அவர்கள் முதுகில் அந்தக் கட்டை விழவில்லை.

ஐப்பசியில், பிள்ளைகள் இரண்டையும் சாமளாபுரத்தில் தம்பி ரத்தினசாமி வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். தம்பி நல்லவன், ஆனால் அவன் வீட்டில் ஏற்கெனவே ஏழு வாய். தறி வந்தால் அவளும் பிள்ளைகளும் தங்கள் கையால் சாப்பிடுவார்கள். தறி வராவிட்டால் தம்பி பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்துச் சாப்பிட வேண்டும். அவளுக்கு அவ்வளவுதான் கணக்கு.

கடைசி இழைவரை நெய்து முடித்த துணியை அறுத்து இறக்கி, தறியை வெறுமையாக வைத்துவிட்டு, விடிந்ததும் உடுமலைக்கு நடந்துபோய் வாடகை வேன் ஒன்றைப் பேசிவிட்டு வந்தாள். பொழுது சாய வீடு திரும்பினால், தறியில் புதுப் பாவு ஏறியிருந்தது. நீளவாக்கில் ஆயிரத்துக்கு மேல் இழை, அறுபது முழம், விறைப்பாகக் கட்டி முடித்திருந்தது. செங்கோட்டையன் மோப்பம் பிடித்து, நாலு ஆளை வைத்து ஒரே பகலில் ஏற்றியிருந்தான்.

பாவு ஏறிய தறியை நெய்து முடிக்கும்வரை யாரும் நகர்த்த மாட்டார்கள். நெய்கிற சனங்களுக்கு அது கட்டு. பாவைப் பாதியில் அறுத்தால் அறுத்தவர் வீட்டில் ஓர் உயிர் போகும் என்று முருகன்மேல் ஆணையாக நம்புகிறவர்கள். தீ வைக்கிறவன்கூடப் பாவு ஏறின தறியைக் கண்டால் தள்ளி நிற்பான். பூட்டும் வேண்டாம், காவலும் வேண்டாம் என்று செங்கோட்டையன் நிம்மதியாகப் பழனிக்குக் கிருத்திகைக்குப் போய்விட்டான்.

காலையில் வேன் வாசலில் வந்து நின்றது. ஞானாம்பாள் அரிவாளோடு தறிக்குழியில் இறங்கினாள். பக்கத்து வீட்டு மயிலாத்தாள் ஓடி வந்தாள்.

"ஐயோ, வேண்டாம் சாமி! ரெண்டு கொழந்தைய வெச்சிருக்கறே!"

"அதுகளுக்குத்தான் அறுக்கறேன்."

அறுத்தாள். இழைகள் படபடவென்று தெறித்து அவள் முகத்தில் அடித்தன. தெருவே வாசலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டது. அறுத்த தறியைத் தொட ஒருத்தரும் வரவில்லை. வேன்காரர் நாச்சிமுத்து தோட்டங்காட்டு வேலை செய்கிற குடும்பத்து ஆள். அவருக்கு இந்தக் கட்டெல்லாம் தெரியாது. அவரும் அவளுமாகவே மரத்தை எல்லாம் ஏற்றினார்கள். அண்டா, குண்டா, உரல், உலக்கை, அரிசிப் பானை எல்லாம் ஏறியது.

"ஏனுங்க அம்மிணி, ஊட்டுச் செவுத்த மட்டும் உட்டுட்டு வர்றீங்களாட்ட இருக்குது?"

"செவுரு எங்கப்பன் குடுத்ததில்லீங்க."

உடுமலை தாண்டும்போதுதான், ஊரார் ஏன் கை கொடுக்கவில்லை என்று நாச்சிமுத்து கேட்டார். அவள் மறைக்காமல் சொன்னாள். அவர் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தி, அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"இத முன்னாலயே சொல்லியிருந்தா நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வெச்சிருப்பனுங்களே!"

"சொல்லியிருந்தா நீங்க வந்திருக்க மாட்டீங்க."

"அது நெசந்தான்" என்று மறுபடி வண்டியை எடுத்தார்.

குடிமங்கலம் நால்ரோட்டில் என்ஜின் கொதித்தது. உச்சி வெயில். நாச்சிமுத்து மூடியைத் திறந்து, கொதிதண்ணீரை ஒரு டப்பாவில் இறக்கிக்கொண்டிருந்தார். ஞானாம்பாள் பின்னால் சாமானுக்கு நடுவில் உட்கார்ந்து தறியின் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தாள். அப்போது பஞ்சு லாரி ஒன்று நின்று இரண்டு பேர் குதித்தார்கள். பழனியிலிருந்து திரும்பிய செங்கோட்டையனுக்கு உடுமலை பஸ் ஸ்டாண்டிலேயே யாரோ சேதி சொல்லிவிட்டார்கள். புது மொட்டைத் தலையில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. கூட வந்தவன் அவன் மச்சினன் கிட்டுசாமி.

முதலில் கல் வந்தது. வேனின் முன் கண்ணாடி உடைந்து, ஒரு சில்லு நாச்சிமுத்துவின் புருவத்தைக் கிழித்தது. கிட்டுசாமி அவர் கழுத்தைப் பிடித்து வண்டியோடு அழுத்தினான். செங்கோட்டையன் பின்னால் ஏறினான்.

"பாவ அறுத்துப்போட்டயா? அறுத்தே போட்டயாடி முண்ட?"

"என்ற தறி மாமா. கீழ எறங்குங்க."

அவன் அண்டாவைத் தூக்கி ரோட்டில் எறிந்தான். அரிசிப் பானையை உதைத்தான். நூலைக் கோத்து அடிக்கிற அச்சை எடுத்து முழங்காலில் வைத்து முறித்தான். குறுக்கே வந்தவளின் வயிற்றில் மிதித்தான். அவள் மடங்கி விழுந்தாள். விழுந்தவள் தலையை இரண்டு தரம் உரலில் மோதினான். கண்ணுக்குள் ரத்தம் இறங்கியது. தறி மரங்களை ஒவ்வொன்றாக வெளியே தள்ளத் தொடங்கினான். பெரிய மரத்தை இழுக்க அவன் வலது கையை வேனின் பக்கவாட்டுச் சட்டத்தில் ஊன்றினான்.

அவள் கைக்கு உலக்கை அகப்பட்டது.

முதல் அடி மணிக்கட்டில் விழுந்தது. உலர்ந்த விறகு ஒடிகிற சத்தம் கேட்டது. அவன் கத்தினான். அவள் நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை. எட்டு மாசத்து அடியும் அந்தக் கையில்தான் இருந்தது. இரண்டாவது அடி விரல்கள்மேல் விழுந்தது. மூன்றாவது அடியில் அவன் வேனிலிருந்து தலைகுப்புற ரோட்டில் விழுந்தான். முன்னால் நாச்சிமுத்து, பிடியிலிருந்து ஒரு கையை உருவி, கொதிக்கிற தண்ணீர் டப்பாவைக் கிட்டுசாமியின் மார்பில் கவிழ்த்தார். கிட்டுசாமி துள்ளிக்கொண்டு ஓடினான்.

டீக்கடையில் பத்துப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் யாரும் நகரவில்லை. அவள் உலக்கையோடு இறங்கி, விழுந்து கிடந்தவனைத் தாண்டிப் போய், ரோட்டில் கிடந்த தறி மரங்களைத் தூக்கினாள். தூக்க முடியாததை இழுத்தாள்.

"கண்ணு தெரியுதுங்களா அம்மிணி?"

"ஒண்ணு தெரியுது. நீங்க வண்டிய எடுங்க."

பொழுதிருக்கச் சாமளாபுரம் போய்ச் சேர்ந்தார்கள். அவள் முகத்தைக் கண்டு பிள்ளைகள் அழுதன. ரத்தினசாமி வீட்டுச் சாய்ப்பில் தறிக்குக் குழி வெட்டினான். அச்சு மட்டும் புதிதாக வாங்க வேண்டியிருந்தது.

நாலாம் நாள் குடிமங்கலத்திலிருந்து போலீஸ் ஏட்டு வந்தார்.

"ஏம்மா, உன்ற மச்சாண்டாரு, ஓடற வேன்ல தொத்தப்போயி தானா உழுந்துட்டேன்னு எழுதிக் குடுத்திருக்கான். வலது கை இனி நாடாக் கயிறு இழுத்து நெய்யாதுன்னு டாக்டரு சொல்லீட்டாரு. உழுந்தது நெசந்தான?"

பெண்பிள்ளை கையால் அடிபட்டேன் என்று சொல்ல அவனுக்கு வெட்கம். ரத்தினசாமி ஆமாம் என்று தலையாட்டினான். அக்காளின் முழங்கையைக் கிள்ளினான்.

"உழுகலீங்க. நாந்தான் அடிச்சேன். மூணு அடி."

"ஜெயிலுக்குப் போகோணும், தெரியுமில்ல?"

"போறனுங்க. அவரா உழுந்தாருன்னா தறிக்கு வழக்கு அப்படியே நிக்கும். கைக்கட்ட அவுத்ததும் இன்னொரு வேன் புடிச்சு வருவாரு. தறியப் புடுங்க வந்தாரு, நான் ஒடச்சேன். அப்படியே எழுதுங்க."

ஏட்டு காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். யாருடைய தறி, யார் செய்து கொடுத்தது, எந்த மரம் என்று எல்லாம் கேட்டு எழுதினார். அவள் கட்டைவிரலை மையில் அழுத்தி வைத்தாள்.

கோயமுத்தூர் ஜெயிலில் இருபத்தெட்டு நாள் இருந்தாள். கோர்ட்டில் அந்தக் காகிதத்தைப் படித்தபோது செங்கோட்டையன் மறுத்துப் பேசவில்லை, கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தான். தறி அவளுடையது என்று அங்கேயே எழுதிவிட்டார்கள். அதற்குப் பிறகு முப்பத்தொரு வருஷம் அவள் நெய்தாள். பிள்ளைகள் இரண்டும் உயிரோடு வளர்ந்தன. கொமரலிங்கத்திலிருந்து ஒருத்தரும் அந்தப் பக்கம் வரவில்லை.