கங்காணி பெயருக்குக் கீழே

"அக்கா, நீங்க தோத்துடுவீங்க. இப்பவே விலகிடுங்க லா."

தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி வேலையில் நான் அடித்துச் சொன்ன முதல் ஜோசியம் இது. அதுவும் ஆள் பெயர் எழுதும் பெரட்டுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு!

ஜப்பான்காரன் வந்ததும் எங்கள் மலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஓடிவிட்டார். அரிசி இல்லை; தேயிலைக்கு நடுவே வள்ளிக்கிழங்கு போட்டோம். அதைப் பங்கு பிரிக்க ஆண்டுக்கொரு தலைவர். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் பிடித்தவர் பின்னால் வரிசையாக நிற்க வேண்டும். நீளமான வரிசைக்கே பதவி. முதல் முறை, ஆள் சேர்த்து வேலை வாங்கும் பெரிய கங்காணிதான் ஜெயித்தார். உழைப்பவருக்கு மட்டுமே பங்கு, பிள்ளைகளுக்கு இல்லை என்பது அவர் சட்டம்.

அதற்குள் கீழே ரப்பர் தோட்டங்களில் ஜப்பான்காரர்கள் சயாம் ரயில் பாதைக்கு வலுக்கட்டாயமாக ஆள் பிடிக்கிறார்கள் என்று பயந்து குடும்பம் குடும்பமாக மலையேறி வந்தார்கள். கங்காணியே கீழே ரிங்லெட் ஊர் வரை இறங்கிப்போய் அழைத்து வந்தார்.

"எல்லாம் நம்ம ஆளுங்க தம்பி. இந்தத் தடவ என் வரிசை ஆத்தோரம் வரைக்கும் போவும் பாரு!"

கூட்டி வந்தவருக்கே ஆள் என்ற வழக்கப்படி நானும் அவர்களைக் கங்காணி பெயருக்குக் கீழே எழுதினேன். அப்படி வந்து எங்களோடு கொழுந்து பறித்தவர்தான் அந்தோணியம்மாள் அக்கா. பிள்ளைகளுக்கு அரைப் பங்கு வேண்டும் என்று அடுத்த தலைவர் பதவிக்குக் கங்காணியை எதிர்த்து நின்றார். நான் புத்தகத்தைக் காட்டி விலகச் சொன்னதும் சிரித்தார்.

"பேரு அவருக்குக் கீழ இருக்கட்டும் தம்பி. வயிறு எங்களோடதுதானே? லயத்து வீடுங்கள்ல எத்தன தொட்டில் ஆடுதுன்னு உன் புத்தகத்துல இருக்கா?"

இல்லை.

மறுநாள் காலை களத்தில் வரிசை கட்டியபோது, மலையேறி வந்தவர்கள் மொத்தமாக அக்கா பின்னால் போனார்கள்.

"யோவ், ஒங்கள நான்தானே கூட்டியாந்தேன்!" என்று கத்தினார் கங்காணி.

"ஆமாங்க, அதுக்குத்தான் வந்ததும் கும்பிட்டோமே!" என்றார் ஒருவர்.

பழைய ஆட்களிலும் கைக்குழந்தைக்காரர்கள் நகர்ந்தார்கள். எண்ணிப் பார்த்தேன், இரண்டு வரிசையும் சமம். மறுபடி எண்ணத் தொடங்கினேன். அப்போது கங்காணியின் மருமகள், இடுப்பில் பிள்ளையோடு, மாமனார் வரிசையிலிருந்து அக்கா வரிசைக்கு நடந்தாள்.

"ஏம்மா, நீயுமா?"

"ஒங்க பேரனுக்கும் அரைப் பங்கு உண்டு, மாமா."

களமே வெடித்துச் சிரித்தது. கங்காணியும் சிரித்துவிட்டார். தலைவரான அக்கா கொடுத்த முதல் அரைப் பங்கு பல் முளைக்காத அந்தப் பேரனுக்குத்தான், வாங்கிக்கொண்டவர் தாத்தா.

புதிதாகக் கிராணி வேலைக்கு வருகிறவர்களே, யார் யாரைக் கூட்டி வந்தார் என்று எழுதுங்கள், தப்பில்லை. ஜோசியம் சொல்வதற்கு முன்னால் மட்டும் லயத்துப் பக்கம் போய்த் தொட்டில்களை எண்ணிவிட்டு வாருங்கள்.